நெகிழ்ந்து காக்கும் சட்டங்கள்

நுழையும்முன்

சுவரில் தொங்கும் ஓவியத்தைக் காண்போரின் கண் ஓவியத்திலேயே நிலைக்கிறது. அதைத் தாங்கி நிற்கும் சட்டத்தைக் கருதுவோர் சிலரே. ஆயினும், ஓர் ஓவியம் நூற்றாண்டுகளைக் கடந்து வாழ்வதும் ஒரு தலைமுறைக்குள் வெடித்து உதிர்வதும் பலவேளைகளில் அச்சட்டத்தைப் பொறுத்தே அமைகின்றன. இறுகப் பிடிப்பதே காப்பதாகும் என்னும் எண்ணம் இயல்பானது. அவ்வெண்ணத்தை ஓவியக் காப்புக்கலையின் வரலாறு எவ்வாறு திருத்தியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சட்டத்தின் இரு பணிகள்

எளிய படச்சட்டம் ஒன்றைப் பின்புறமாகத் திருப்பிப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். நான்கு மரத்துண்டுகளின் முனைகள் 45 பாகைச் சாய்வில் அறுக்கப்பட்டு, மூலைகளில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருக்கும். அத்துண்டுகளின் உள்விளிம்பில், பின்பக்கமாக, படிபோல் ஒரு பள்ளம் செதுக்கப்பட்டிருக்கும். தச்சர்கள் இத்தகைய பள்ளத்தைக் காடி என்பர். கண்ணாடியும் ஓவியமும் பின்பலகையும் அடுத்தடுத்து இக்காடியில் அமர்கின்றன.

சட்டத்தின் முன்புறம் அழகுக்கு உரியது. அது சுவரினின்று ஓவியத்தைப் பிரித்துக்காட்டிக் காண்போரின் பார்வையை உள்நோக்கி ஈர்க்கிறது. பின்புறமோ காவலுக்கு உரியது. ஓவியத்தின் எடையைத் தாங்குதல், விளிம்புகள் சிதையாமல் காத்தல், தூசியையும் ஈரத்தையும் தடுத்தல் ஆகியன அதன் பணிகள். சட்டத்தை வடிவமைப்பவருக்கு முன்புறத்தைவிடப் பின்புறமே பெரும் சவாலாகிறது. ஏனெனில், அவர் தாங்க முனையும் பொருள் அசையாப் பொருள் அன்று.

மரம் அசையும் விதம்

மரம் வெட்டப்பட்டுப் பலகையாகிப் பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரக்காற்று சூழும்போது அதன் நார்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன; வறண்ட காற்று சூழும்போது நீரை இழந்து சுருங்குகின்றன. இந்த அசைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதாக அமைவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அது மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கே, அகலவாக்கில், பன்மடங்கு மிகுதி. அகலவாக்கிலும்கூட, மரத்தின் ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் நிகழும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் திசையில் நிகழ்வதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகும். ஒரு பலகை வெறுமனே அகன்று குறுகாமல், வளைந்தும் முறுக்கிக்கொண்டும் போவதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம்.

ஓவியம் தீட்டிய பலகையில் மற்றொரு காரணமும் சேர்கிறது. முன்புறத்தை வெள்ளைப் பூச்சும் வண்ணமும் மெருகெண்ணெயும் மூடியிருக்கின்றன. எனவே, அப்பக்கத்தில் ஈரம் மெல்லவே புகுகிறது; மெல்லவே வெளியேறுகிறது. பின்புறமோ பெரும்பாலும் வெறும் மரம். அங்கு ஈரம் விரைவாகப் போய்வருகிறது. இருபக்கமும் ஒரேநேரத்தில் ஒரே அளவில் அசையாததால், பலகை ஆண்டுகள் செல்லச்செல்ல வளைந்து, ஓவியத்தின் நடுப்பகுதி காண்போரை நோக்கிப் புடைக்கிறது. பழைய பலகை ஓவியங்கள் பலவற்றில் இப்புடைப்பைக் காணலாம்.

இத்தகைய பலகையைச் சுற்றிலும் ஆணியடித்து இறுக்கினால் என்ன நேரும்? அது சுருங்க விரும்பும்போது சட்டம் அதனை இழுத்துப் பிடிக்கிறது. விரிய விரும்பும்போது நெருக்குகிறது. அசைய இடமில்லாத மரம் தன் வலுக்குறைந்த இடத்தில் பிளக்கிறது. பிளவு மரத்தோடு நிற்பதில்லை. மேலிருக்கும் வண்ணமும் அதனோடு பிளக்கிறது.

மோனாலிசாவின் முதுகுப்புறம்

உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் ஓவியங்களுள் ஒன்று இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்கிறது. இலியனார்டோ டா வின்சி தீட்டிய மோனாலிசா துணியில் வரையப்பட்டதன்று; பாப்லர் மரப்பலகையில் வரையப்பட்டது. அதன் உயரம் 77 சென்டிமீட்டர். அகலம் 53 சென்டிமீட்டர். பாரிசு நகரத்து இலூவர் அருங்காட்சியகத்தில் அதனைக் காணச் செல்வோர் அனைவரும் முன்புறத்துப் புன்னகையையே காண்கின்றனர். அப்புன்னகையைக் காத்துவரும் வேலைப்பாடு முதுகுப்புறத்தில் இருக்கிறது.

முற்காலத்தில் எப்பொழுதோ இப்பலகை தன் முதற்சட்டத்திலிருந்து அகற்றப்பட்டது. தடையேதுமின்றி ஈரத்துக்கேற்ப வளைந்த பலகையில், மேல்விளிம்பிலிருந்து ஓவிய மங்கையின் கூந்தல் தொடங்கும் இடம்வரை ஒரு வெடிப்பு தோன்றியதாகக் கருதப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலத்தில், அவ்வெடிப்பு மேலும் நீளாதிருக்க, வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போன்ற வடிவில் செதுக்கிய இரண்டு அக்ரூட் மரத்துண்டுகள் பின்புறத்தில் பதிக்கப்பட்டன. பலகையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழமே அவை இறங்கின. வெடிப்பு அவ்விடத்திலேயே நின்றது.

இரண்டாம் உலகப்போரின்போது ஓவியம் பாரிசிலிருந்து அகற்றப்பட்டுச் சாம்போர் கோட்டை முதலிய இடங்களில் பாதுகாக்கப்பட்டது. அக்காலத்தில் பலகை மேலும் பருத்து வளைந்தது. ஓவியரின் 500ஆவது பிறந்தநாள் விழாக் காட்சிக்கு அதனை ஆயத்தப்படுத்தியபோது, 1951ஆம் ஆண்டில், அதற்கு நெகிழும் தன்மையுள்ள ஓக் மரச்சட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. பொன்பூசிய அழகுச் சட்டம் வேறு, இச்சட்டம் வேறு. அழகுச் சட்டத்தின் உள்ளே மறைந்திருக்கும் இரண்டாம் சட்டம் இது. இதன் பின்புறத்தில் பீச் மரக் குறுக்குச்சட்டங்கள் பொருத்தப்பட்டன. அவை பலகையை நேராக்கிவிட முயலவில்லை. மேலும் வளையாதிருக்கப் போதிய அளவு மட்டும் அழுத்தம் தந்தன.

பீச் மரத்தைப் பூச்சிகள் தாக்கியிருந்தமை அறியப்பட்டதும், 1970ஆம் ஆண்டில் அக்குறுக்குச்சட்டங்களின் இடத்தில் மேப்பிள் மரச்சட்டங்கள் பொருத்தப்பட்டன. 2004–2005ஆம் ஆண்டுகளில் அவையும் மாற்றப்பட்டுச் சிக்கமோர் மரச்சட்டங்கள் வைக்கப்பட்டன. அப்போது உலோகத்தாலான குறுக்குச்சட்டம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. பலகை எவ்வளவு வளைகிறது என்பதை அளப்பதே அதன் பணி. தாங்கிய சட்டம், தாங்கப்படும் பொருளின் அசைவைக் கேட்டறியும் கருவியாகவும் ஆயிற்று.

இவ்வரலாறு இருமுனைப் பாடத்தைத் தருகிறது. பிடிப்பே இல்லாதபோது பலகை வெடித்தது. முற்றிலும் இறுக்கியிருந்தாலும் வெடித்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில், அளவறிந்த பிடியே அதனைக் காத்துவருகிறது.

நகராமற்போன தாங்கிகள்

நெகிழும் அமைப்பு வேண்டும் என்பதை முற்காலத்துக் கைவினைஞரும் அறிந்திருந்தனர். வளைந்த பலகையை நேராக்க ஐரோப்பாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஒரு முறை பரவியது. முதலில் பலகையின் பின்புறத்தை இழைத்து மெலிதாக்கினர். பிறகு, நார் ஓடும் திசையில் சில மரச்சட்டங்களைப் பின்புறத்தில் ஒட்டினர். அவற்றில் வெட்டிய துளைகளின் வழியே குறுக்குச்சட்டங்களைச் செருகினர். இக்குறுக்குச்சட்டங்கள் ஒட்டப்படுவதில்லை. பலகை விரியும்போதும் சுருங்கும்போதும் துளைகளுக்குள் அவை வழுக்கிச் செல்லவேண்டும் என்பதே திட்டம்.

திட்டம் சிறந்ததே. ஆனால், பலகை வளைய முற்பட்டபோது துளைகள் குறுக்குச்சட்டங்களை நெருக்கிப் பிடித்துக்கொண்டன. வழுக்கவேண்டியவை சிக்கி நின்றன. அசையும் அமைப்பாகப் பிறந்தது, காலப்போக்கில் அசையாச் சிறையாக மாறியது. மெலிதாக்கப்பட்டமையால் வலுவிழந்திருந்த பலகை, ஒட்டிய சட்டங்களுக்கு இடையே நீளவாக்கில் பிளந்தது. இன்றைய காப்பாளர்கள் இத்தகைய தாங்கிகள் பலவற்றை மிகுந்த பொறுமையுடன் அகற்றி, அசைவுக்கு இடந்தரும் புதிய அமைப்புகளைப் பொருத்துகின்றனர்.

நெகிழ்வு என்பது வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது. பல்லாண்டு கடந்தும் செயலில் இருக்கவேண்டும். உராய்வு, தூசி, துரு, பசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதனை நிறுத்திவிடக்கூடும். ஆதலால், சட்டத்தை அமைப்பதோடு அதனை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் காப்பில் அடங்கும்.

துணி ஓவியமும் எட்டு ஆப்புகளும்

துணியில் தீட்டும் எண்ணெய் வண்ண ஓவியத்தில் சிக்கல் வேறுவகையில் எழுகிறது. துணி முழவின் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டால்தான் வண்ணம் அதன்மேல் நிலைக்கும். அதற்காக அது மரத்தாலான இழுசட்டம் ஒன்றின் மேல் இழுக்கப்பட்டு, விளிம்புகளில் சிற்றாணிகளால் பிணைக்கப்படுகிறது. தொடக்கக்காலத்தில் இழுசட்டத்தின் மூலைகள் அசையாதவாறு இறுக்கப்பட்டிருந்தன. நாளடைவில் துணி தளர்ந்து தொய்ந்தால், ஆணிகளைப் பிடுங்கி மீண்டும் இழுத்து அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு முறையும் துணியின் விளிம்பு கிழிந்து நலிந்தது.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு எளிய தீர்வு ஒன்று கிட்டியது. மூலைகளைப் பசையிட்டு ஒட்டாமல், ஒன்றினுள் ஒன்று செருகும்படி அமைத்தனர். மூலைக்கு இரண்டாக, நான்கு மூலைகளுக்கும் எட்டுச் சிறு மர ஆப்புகளை உட்புறத்தில் வைத்தனர். துணி தொய்ந்தபோது ஆப்புகளை மெல்லத் தட்டினால் மூலைகள் மயிரிழையளவு விரிந்து, துணி மீண்டும் விறைப்பாகும். ஆணி ஒன்றையும் பிடுங்க வேண்டியதில்லை. இன்றும் உலகெங்கும் இம்முறையே பெருவழக்காக உள்ளது.

இங்கும் அளவே முதன்மையானது. மழைக்காலத்தில் தொய்ந்த துணியை அப்போதே மிகுதியாக இறுக்கிவிட்டால், வறண்ட காலம் வரும்போது அது மேலும் இறுகி, மூலைகளில் வண்ணம் விரிசல்விடும். ஆப்பு கழன்று விழுந்து, கீழ்ச்சட்டத்துக்கும் துணிக்கும் இடையே சிக்கினால் ஓவியத்தின் முன்புறம் அவ்விடத்தில் புடைத்துக்கொள்ளும். ஆகவே, ஆப்புகளை நூலால் கட்டிவைப்பது காப்பாளரின் வழக்கம். ஆப்புக்கு மாறாக வில்லமைப்பைக் கொண்ட இழுசட்டங்களும் பின்னர்த் தோன்றின. துணி சுருங்கும்போது வில் விட்டுக்கொடுக்கிறது, தளரும்போது இழுத்துக்கொள்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஓவியம் தீட்டிய துணியைக் குறிக்கக் ‘கிழி’ என்னும் சொல் பழந்தமிழில் வழங்கியது. மடலேறும் தலைவன் தலைவியின் உருவம் எழுதிய கிழியைக் கையில் ஏந்திவருதல் இலக்கிய மரபு. ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது.

வெள்ளத்தில் மூழ்கிய ஓவியம்

மரமும் வண்ணமும் வெவ்வேறு வேகத்தில் அசைவதன் கொடுமையை, 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் புளோரன்சு நகரம் கண்டது. ஆர்னோ ஆற்றின் வெள்ளம் நகருக்குள் புகுந்தது. சாந்தா குரோச்சே தேவாலய வளாகத்தில் இருந்த ‘இறுதி விருந்து’ என்னும் ஓவியம் பன்னிரண்டு மணிநேரத்துக்கும் மேலாகச் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்தது. ஜார்ஜியோ வசாரி 1546ஆம் ஆண்டில் ஐந்து பெரும் பலகைகளில் தீட்டிய ஓவியம் அது.

நீரைக் குடித்த மரம் பருத்தது. பிறகு உலர்ந்தபோது மரம் சுருங்கியது. அதன்மேலிருந்த வண்ணப்படலத்தால் அதே அளவில் சுருங்க இயலவில்லை. இடம் போதாத வண்ணம் மடிந்து, மேலெழும்பி, உதிரும் நிலைக்கு வந்தது. வண்ணம் உதிராதிருக்க ஓவியத்தின் முகத்தில் மெல்லிய தாள்களை ஒட்டிக் கிடங்கில் வைத்தனர். அதனைச் சீர்செய்யும் அறிவு அன்று எவரிடமும் இல்லை. பல பத்தாண்டுகள் காத்திருந்த பின்னரே புளோரன்சின் காப்பாளர்கள் அப்பணியை மேற்கொண்டனர். வெள்ளம் நிகழ்ந்து சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், ஓவியம் தன் இடத்துக்குத் திரும்பியது. மீண்டும் வெள்ளம் வருமாயின் ஓவியத்தை உயரே தூக்கிவிடும் பொறியமைப்பும் அதனோடு இணைக்கப்பட்டுள்ளது. காட்சிக்கு வைக்கும் முறையே காவலாகவும் அமையலாம் என்பதற்கு இது சான்று.

தஞ்சைப் பலகைப் படங்கள்

தமிழகத்திலும் பலகை ஓவிய மரபு உண்டு. மராட்டிய மன்னர் காலத்தில் செழித்த தஞ்சை ஓவியங்களுக்குப் ‘பலகைப் படம்’ என்னும் பெயரும் வழங்குகிறது. பலாமரப் பலகையின் மேல் துணியை ஒட்டி, அதன்மீது சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழைவைப் பூசி, புடைப்பு வேலை செய்து, கற்கள் பதித்து, பொன் தகட்டை ஒட்டி, வண்ணம் தீட்டுவது அதன் மரபு. மரம், துணி, சுண்ணம், கல், பொன், வண்ணம் ஆகிய இத்தனை பொருள்களும் ஈரத்துக்கு ஒரே வகையில் அசைவதில்லை. பங்குனி, சித்திரையின் வறட்சியும் ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையும் ஆண்டுதோறும் மாறிமாறி வரும் நிலத்தில் அப்பலகை ஓய்வின்றி அசைகிறது.

மழைநீர் ஊறும் சுவரில் ஒட்டியபடி மாட்டிய பழம்படத்தில் பூச்சு வெடிப்பதும், பொன் தகடு மேலெழும்புவதும், கண்ணாடியின் உட்புறத்தில் பூஞ்சை படர்வதும் இதனால் நிகழ்கின்றன. இக்காலத்தில் பலர் பலாப்பலகைக்கு மாறாக ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துகின்றனர். அதன் மென்தகடுகள் ஒன்றின் நாருக்குக் குறுக்காக மற்றொன்றின் நார் அமையுமாறு அடுக்கப்பட்டிருப்பதால் அசைவு குறைகிறது. ஆயினும், தலைமுறைகள் கடந்து இல்லங்களில் இருக்கும் பழைய படங்களுக்கு நெகிழும் சட்டமே துணை.

நெகிழும் சட்டத்தை வடிவமைத்தல்

இதுவரை கண்ட உண்மைகளைக் கொண்டு ஒரு பலகைப் படத்துக்குச் சட்டம் அமைக்கும் முறையைப் படிப்படியாக வகுக்கலாம்.

முதலாவது, நார் ஓடும் திசையை அறிதல். பலகையின் பின்புறத்தில் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால், அசைவு இடவலமாக நிகழும். காடியில் இடைவெளி அப்பக்கங்களிலேயே மிகுதியாகத் தேவைப்படும்.

இரண்டாவது, இடைவெளியைக் கணக்கிடல். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை ஒரு விழுக்காடு விரிவதாகக் கொண்டால், விரிவு 4 மில்லிமீட்டர் ஆகும். அதனை இருபுறமும் பகிர்ந்தால் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். வறண்ட காலத்தில் அளந்து செய்யும் சட்டத்தில் இவ்விடைவெளி இன்றியமையாதது. மழைக்காலத்தில் பலகை அதனை நிரப்பிக்கொள்ளும்.

மூன்றாவது, பிடிக்கும் முறை. ஆணி அடித்தலும் பசையிட்டு ஒட்டுதலும் கூடா. கீழ்விளிம்பின் நடுவில் சிறு தக்கைத் துண்டுகளின் மேல் பலகையை அமரச் செய்யலாம். பின்புறத்தில், வில்போல் வளைத்த பித்தளைத் தகடுகளைச் சட்டத்தோடு மட்டும் திருகாணியால் பிணைத்து, அவற்றின் மறுமுனை பலகையை மெல்லத் தொடும்படி வைக்கலாம். பலகை புடைக்கும்போது தகடு பின்வாங்கும்; தணியும்போது தொடர்ந்து தாங்கும். திருகாணி செல்லும் துளையை வட்டமாக இடாமல் நீள்துளையாக இட்டால், தகட்டை வேண்டிய அளவு நகர்த்தி அமைக்கவும் இயலும்.

நான்காவது, வளைந்த பலகைக்கு ஏற்ற காடி. பலகை முன்னரே வளைந்திருந்தால் அதனை நேராக்க முயலலாகாது. காடியின் படியில் தக்கை அல்லது மென்மரப் பட்டையை ஒட்டி, பலகையின் வளைவுக்கு இசைய அதனைச் செதுக்கவேண்டும். நேரான படியில் இரண்டு இடங்களில் மட்டும் ஊன்றி நிற்கும் பலகை, இவ்வாறு செய்தால் விளிம்பு முழுவதும் சீராகத் தாங்கப்படும்.

ஐந்தாவது, கண்ணாடியும் சுவரும். கண்ணாடி ஓவியத்தைத் தொடாதிருக்க இரண்டுக்கும் இடையே மெல்லிய மரப்பட்டை வேண்டும். சட்டத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலவும்.

தாளில் வரைந்த ஓவியத்துக்கும் நிழற்படத்துக்கும் இதே நெறி பொருந்தும். தாளின் நான்கு விளிம்புகளையும் அட்டையில் ஒட்டினால் அது ஈரக்காற்றில் அலையலையாகச் சுருளும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள்கீற்றுகளால், நீரில் கரையும் மாவுப்பசையைக் கொண்டு பிணைத்துத் தொங்கவிட்டால், தாள் தன் விருப்பம்போல் விரிந்து சுருங்கும். பிற்காலத்தில் படத்துக்கு ஊறின்றிப் பிரித்தெடுக்கவும் இயலும். செய்ததை மீண்டும் பிரிக்க இயலவேண்டும் என்பது ஓவியக் காப்புக்கலையின் அடிப்படை நெறிகளுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ கலை அருங்காட்சியகத்தின் கட்டடத்தை வடிவமைத்த இலினா போ பார்தி, அங்கு ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல், கற்காரைக் கட்டைகளில் நிறுத்திய கண்ணாடிப் பலகைகளில் பொருத்தினார். கண்ணாடியைக் கட்டையில் நிலைநிறுத்துவது ஒரு மர ஆப்பு. 1968ஆம் ஆண்டில் அறிமுகமான இம்முறை இடையில் கைவிடப்பட்டு, 2015ஆம் ஆண்டில் மீண்டும் கொண்டுவரப்பட்டது. காண்போர் ஓவியத்தின் பின்புறத்தையும் சுற்றிவந்து காண இம்முறை வழிசெய்கிறது.

அளவறிந்த பிடி

படச்சட்டத்தின் வரலாறு ஒருவகையில் மனநிலை மாற்றத்தின் வரலாறும் ஆகும். பழைய வினைஞர் பலர் வளைந்த பலகையைப் பிழையுற்ற பொருளாகக் கருதி, அதனை வலிந்து நேராக்க முயன்றனர். மரம் அவர்களுக்குப் பிளவினால் விடை தந்தது. அசைவு மரத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொண்ட பின்னரே, அவ்வியல்போடு இயைந்து நடக்கும் சட்டங்கள் தோன்றின. பலகையை அளந்து, அதன் போக்கை அறிந்து, தேவையான அளவு தாங்கி, எஞ்சிய அளவு விட்டுக்கொடுக்கும் அமைப்பே இன்று சிறந்ததாகக் கொள்ளப்படுகிறது.

அரும்பெரும் ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்களும் அறிஞர்களும் காவலாக உள்ளனர். இல்லங்களில் தொங்கும் பலகைப் படத்துக்கும், முன்னோரின் நிழற்படத்துக்கும், பள்ளி மாணவர் தீட்டிய முதல் ஓவியத்துக்கும் அவற்றை மாட்டுவோரே காவலர். சட்டத்தைத் திருப்பிப் பார்த்து, ஆணி இருக்கும் இடத்தில் நெகிழ்வையும், ஈரம் தேங்கும் இடத்தில் காற்றையும் அமைத்துக்கொடுத்தால், அவை அடுத்த தலைமுறையின் கண்களையும் சென்றடையும்.

கற்பவை கற்றபின்

1. இல்லத்திலோ பள்ளியிலோ உள்ள பழைய படம் ஒன்றின் பின்புறத்தைப் பெரியோர் துணையுடன் பார்வையிட்டு, அது எவ்வாறு பிடிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பில் உரையாடுக.

2. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகைப் படத்துக்கு, ஒரு விழுக்காட்டு விரிவைக் கணக்கில் கொண்டு சட்டம் ஒன்றின் வரைபடத்தை அமைத்து, அதன் பாகங்களைத் தமிழில் பெயரிடுக.

3. ‘பிடிப்பின்மையும் கேடு, மிகை இறுக்கமும் கேடு’ – மோனாலிசா ஓவியத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கருத்தை விளக்கி ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.